விருந்தினரிடம் வழி கேட்ட கணினி

ஒரு பொருளைச் சேர்த்தபோது காரியம் கெட்டது, நீக்கியபோது சீரடைந்தது, ஆகவே கெடுத்தது அப்பொருளே என்று தீர்ப்புச் சொல்வது மனிதருக்கு வெகு எளிதாக வருகிறது. மருமகள் வீட்டில் கால் வைத்த மாதத்தில் எருமைக்குப் பால் வற்றினால் பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தீவனம் குறைந்ததா, கன்று வளர்ந்துவிட்டதா என்று கேட்பார் இல்லை. இன்று நம் வீடுகள் பலவற்றில் எருமை இல்லை; கணினி இருக்கிறது. தீர்ப்பு மட்டும் பழைய தீர்ப்பாகவே இருக்கிறது.

கணினியோடு அச்சுப்பொறியோ, புற வன்தட்டோ, விரல் நீளப் பென் டிரைவோ இணைந்திருக்கும்போது அது எழுவதில்லை. இணைப்பைப் பிடுங்கினால் எழுந்துவிடுகிறது. இந்தக் குறை உலகெங்கும் உள்ளது. கணினி வைத்திருப்போர் பலரும் ஒருமுறையேனும் கண்டிருப்பர். பெரும்பாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லாத சிறு தொல்லையாகவே அது வந்து போகும். நம் குடும்பத்தில் வந்தபோது அப்படி வரவில்லை. எழாத அந்தக் கணினிக்கும் அதனோடு பிணைந்திருந்த கருநிற வன்தட்டுக்கும் இடையே நம் தாயாரின் குரல் அகப்பட்டுக்கொண்டிருந்தது.

அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தாயார் குர்ஆனைத் தங்கு தடையின்றி ஓதுவார்கள். தமிழில் தம் பெயரை எழுதத் தெரியாது. 1978ஆம் ஆண்டு நம் தமையனார் பிழைப்புத் தேடிக் குவைத்துக்குச் சென்றபோது, பாலக்கோட்டிலிருந்து கடிதம் எழுதுவதற்கு அவர்கள் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அயலார் எழுதித் தரும் கடிதத்தில் ஒரு தாய் தன் மகனிடம் எவ்வளவு சொல்லிவிட முடியும்? முதல் விடுமுறையில் ஊருக்கு வந்த தமையனார் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அத்துடன் கடிதம் நின்றது. கேசட் போகத் தொடங்கியது. பக்கத்திற்கு அரை மணி வீதம் அறுபது நிமிட நாடா. ஊருக்கு வந்து திரும்பும் யாரேனும் ஒருவர் அதைத் தம் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வார். மறு கேசட் அவ்வாறே வரும்.

“அத்தா, நல்லா இருக்கியா? இங்க மழையே இல்ல. ராகி முளைச்ச மட்டுக்கு நிக்குது” என்றுதான் தொடங்குவார்கள். பெற்ற மகனை ‘அத்தா’ என்று விளிக்கும் வாஞ்சை நம் வீடுகளுக்கே உரியது. மா காய்த்த கணக்கு, யார் வீட்டில் நிகாஹ், யார் மவுத்து, எந்த ஆடு குட்டி போட்டது என்று பேச்சு போகும். ஓட்டத்தை நிறுத்தும் பொத்தானை மட்டும் அவர்கள் கடைசி வரை தொட்டதில்லை. மஃரிப் பாங்கு கேட்டால் பேச்சை விட்டு எழுந்து போய்விடுவார்கள். நாடா வெறுமனே ஓடும். கோழிகள் அடையும் ஓசை, தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரன், அண்டை வீட்டில் யாரோ பிள்ளையை அதட்டுவது, பிறகு தொழுது முடித்து வந்து அமரும் பெருமூச்சு, “எங்க விட்டேன்?” என்னும் கேள்வி. பேச்சைவிட அந்தப் பேச்சில்லாத நிமிடங்களே இன்று நம்மைக் கூடுதலாகக் கலங்க வைக்கின்றன.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டான் நாட்டு அம்மான் நகர் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் தாயகம் திரும்பிய அந்நாட்களில் தமையனாரும் திரும்பினார். கையில் ஒரே ஒரு பை. அதில் மாற்றுடை இரண்டு. மீதி இடமெல்லாம் கேசட். பன்னிரண்டாண்டுச் சம்பாத்தியத்தில் அவர் காத்துக் கொண்டுவந்தது அதுவே. தாயார் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், நாடாக்களில் பூஞ்சை ஏறுவதைக் கண்டு, ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் கணினிக் கோப்புகளாக மாற்றி, உள்ளங்கை அளவுள்ள ஒரு வன்தட்டில் சேர்த்து வைத்தார். நாடாக்கள் அதன்பின் நெடுநாள் தாங்கவில்லை. ஒட்டிக்கொண்டன, சில அறுந்தன. எஞ்சியது வன்தட்டு ஒன்றே. 2012இல் வாங்கிய மேசைக் கணினியின் பின்புறம் அது பல ஆண்டுகளாக இணைந்தே கிடந்தது.

சென்ற ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்து, நம் தெருவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் மின்சாரம் இல்லாதிருந்தது. வந்த பிறகு தமையனார் கணினியின் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது; தயாரித்தவரின் முத்திரை திரையில் தோன்றி மறைந்தது; பிறகு கருந்திரை. அதன் இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவே. கால் மணி நேரம் சென்றும் அந்தக் கோடு தன் தொழிலை விடவில்லை. வன்தட்டைப் பிடுங்கிவிட்டு மீண்டும் முயன்றபோது கணினி வழக்கம்போல் எழுந்தது. திரும்ப மாட்டிப் பார்த்தார், எழவில்லை. மும்முறை சோதித்தும் இதே முடிவு.

இரண்டையும் தூக்கிக்கொண்டு தருமபுரி நகரில் ஒரு பழுதுநீக்கும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் உழைப்பாளி, நமக்கு முன் மூவர் காத்திருந்தனர். மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்:

“பாய், இந்த டிஸ்க்ல வைரஸ் இருக்கு. சிஸ்டத்தையும் புடிச்சிருக்கும். ரெண்டையும் ஃபார்மட் அடிச்சிடலாம்.”

“உள்ள இருக்கறது?” என்றார் தமையனார்.

“போயிடும் பாய். ஒண்ணும் பண்ண முடியாது.”

தமையனார் மறுமொழி கூறாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து வன்தட்டைச் சுற்றினார். வெள்ளிக்கிழமை பேரன் வருவான், அதுவரை அதை எதிலும் மாட்ட வேண்டாம் என்று நாம் சொன்னோம். அவரும் மாட்டுவதாக இல்லை. நோய் கண்ட பிள்ளையைப் போல் அதைத் தனியே அலமாரியில் வைத்தார்.

‘ஃபார்மட்’ என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம் சிற்றூர்களிலும் நகரங்களிலும் அது சர்வரோக நிவாரணியாகிவிட்டது. வட்டை முழுதும் துடைத்துப் புதிதாகத் தொடங்கினால் குறைகள் பல நீங்கிவிடும் என்பது மெய்யே. ஆனால் குறை எதனால் வந்தது என்பதற்கான தடயமும் அதனுடன் அழிந்துவிடுகிறது. ஆகையால் அந்த வைத்தியம் தவறு என்று எவராலும் பின்னர் மெய்ப்பிக்க முடிவதில்லை. அழிந்தது கணக்குப் புத்தகமானால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். எல்லா வட்டும் கணக்குப் புத்தகம் அன்று.

பேரன், தமையனாரின் மகள் வயிற்றுப் பிள்ளை, செட்டிக்கரை அரசு பொறியியற் கல்லூரியில் படிப்பவன். வந்ததும் அவன் கணினியைத் தொடவில்லை, கேள்வி கேட்டான்.

“நன்னா, இந்த டிஸ்க் எத்தனை வருஷமா இதுல மாட்டியிருக்கு?”

“ஏழெட்டு வருஷம் இருக்கும்.”

“அத்தனை வருஷமும் இதை மாட்டிக்கிட்டேதான எழுந்துச்சு? டிஸ்க் மாறல. அப்ப மாறினது எது? நடுவுல என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல. கரண்டு போச்சு, வந்துச்சு.”

அந்த ஒரு கேள்வியில்தான் காரியம் திரும்பியது என்பது நம் எண்ணம். பிடுங்கினால் எழுகிறது என்பது தகராறு எந்த இடத்தில் நடக்கிறது என்பதை மட்டுமே காட்டும். தகராற்றில் குற்றவாளி யார் என்பதைக் காட்டாது. இருவர் கூடினால் சண்டை, ஒருவர் விலகினால் அமைதி என்றால், விலகியவரே கலகக்காரர் என்று எந்த நியாயசபையும் முடிவு செய்யாது. வீட்டில் மட்டும் செய்துவிடுகிறோம்.

ஆராய்ச்சியைத் தொடங்குவதற்கு முன் அவன் செய்த முதற்காரியம் படியெடுத்தல். தன் தமக்கையின் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தான். தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது அது. அதில் விண்டோஸுடன் சீடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட வைரஸ் லினக்ஸில் தானாக இயங்காது. ஆகையால் ஐயத்திற்குரிய வட்டைத் திறந்து பார்க்க அது ஏற்ற இடம். மடிக்கணினி முழுதாக எழுந்த பின்னரே வன்தட்டை அதில் செருகினான். கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைக்கூட ஒலிக்க விடாமல் முதலில் எல்லாவற்றையும் தான் வாங்கி வந்த வேறொரு வட்டுக்குப் படியெடுத்தான். அந்த ஒரு மணி நேரமும் தமையனார் தஸ்பீஹை உருட்டியபடி திண்ணையில் இருந்தார். படியெடுத்து முடிந்ததும் அவரை உள்ளே அழைத்து ஒரு கோப்பைத் திறந்தான். “ராகி முளைச்ச மட்டுக்கு நிக்குது” என்றது. தமையனார் எழுந்து வெளியே போய்விட்டார்.

வன்தட்டு நிரபராதி என்பது விளங்கிற்று. இனி மேசைக் கணினி. அதை வட்டில்லாமல் எழுப்பியபோது திரையின் கீழ் மூலையில் கடிகாரம் 2012 ஜனவரி முதல் நாள் என்று காட்டியது. வலைத்தளம் எதனைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று அடம் பிடித்தது. பாதுகாப்பான வலைத்தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினியின் நாட்காட்டி பின்னோக்கிப் போய்விட்டால் அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்களாகத் தோன்றும். இரண்டு அடையாளங்களும் ஒரே இடத்தைச் சுட்டின. பேரன் சிரித்தான்.

கணினி எவ்வாறு கண் விழிக்கிறது என்பதை அறிந்தால் அவன் சிரிப்பின் பொருள் விளங்கும். மின்சாரம் பாயும் கணத்தில் கணினிக்கு எதுவும் நினைவில் இராது. விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தாய்ப்பலகையில் பதித்த ஒரு சில்லில் சிறியதொரு நிரல் நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. பயாஸ் என்பது அதன் பெயர். அது நினைவகம், விசைப்பலகை, திரை முதலியவற்றைத் தட்டிப் பார்க்கும். பின்னர், இயங்குதளம் எந்த வட்டில் இருக்கிறது என்று தேடும். தேடும் வரிசை முன்பே குறித்து வைக்கப்பட்டிருக்கும். வரிசையில் முதலில் நிற்கும் வட்டின் முதல் 512 பைட்டுகளை வாசிக்கும். அதன் கடைசி இரு பைட்டுகளில் 55, ஏ.ஏ. என்னும் குறிகள் இருந்தால், ‘வழி தெரிந்தவர் இவரே’ என்று நம்பிப் பொறுப்பு முழுவதையும் ஒப்படைத்துவிடும்.

அவ்விரு குறிகளும் அந்த முறையில் பகுக்கப்பட்ட எல்லா வட்டிலும் இருக்கும். உள்ளே இயங்குதளம் இருக்கிறதா, கேசட் பாட்டு இருக்கிறதா என்பதை அவை சொல்லா. பொறுப்பை ஏற்ற வட்டில் இயங்குதளம் இல்லையென்றால், சில கணினிகள் அடுத்த வட்டுக்குச் செல்லும். சில ஏதேனும் ஒரு வாசகத்தைக் காட்டி நிற்கும். சில வெறுங்கோட்டைச் சிமிட்டியபடி விடியுமட்டும் இருக்கும். நடுநிசியில் வீடு திரும்பிய குடும்பத் தலைவன், திண்ணையில் படுத்திருக்கும் விருந்தாளியை எழுப்பிக் கொல்லைச் சாவி எங்கே என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் பொய்யர் அல்லர், திருடரும் அல்லர். அவரிடம் கேட்டதுதான் பிசகு.

நம் வன்தட்டு அந்தத் திண்ணை விருந்தாளி. இத்தனை ஆண்டுகளாகக் கணினி ஏன் அவரிடம் கேட்கவில்லை? தேடும் வரிசையில் உள் வன்தட்டு முதலில் இருக்குமாறு யாரோ தொடக்கத்திலேயே குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பும் நாள், நேரம் ஆகியனவும் தாய்ப்பலகையில் மிகச் சிறிய ஒரு நினைவகத்தில் இருக்கின்றன. மின்சாரம் அற்ற போதும் அது மறக்காதிருக்க, ஒரு ரூபாய் நாணயம் போன்ற மின்கலம் காவலுக்கு இருக்கிறது. அதன் பெயர் சி.ஆர்.2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். தருவது 3 வோல்ட். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தது உடனே வெளிப்படாது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். கணினியை அணைத்தாலும் சுவரிலுள்ள சுவிட்ச் போட்டபடியே இருந்தால், உள்ளே மெல்லிய மின்னோட்டம் நின்று அந்த நினைவகத்தைக் காத்துவரும். செத்த காவலாளியின் வேலையை வேறொருவன் சத்தமின்றிச் செய்வது போல. ஒரு பகலும் ஓர் இரவும் மின்சாரம் அறவே நின்றபோது அந்த ஆதரவும் போயிற்று; கணினி எழுதி வைத்ததையெல்லாம் மறந்தது; பிறந்த நாளில் இருந்த நிலைக்குத் திரும்பியது. அந்தப் பலகையைச் செய்தவர்கள் வைத்த இயல்பு வரிசையில் யூ.எஸ்.பி. வட்டுக்கே முதலிடம்.

ஆக, தேய்ந்த மின்கலம் ஒன்று. ஒரு நாள் மின்தடை ஒன்று. இடம் மாறிய வரிசை ஒன்று. இதற்கு வைரஸ் என்று பெயர் சூட்டி இரு வட்டுகளையும் துடைத்திருப்பார்கள்.

கடைக்காரரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. வெளியிலிருந்து செருகும் வட்டைக் கண்டு அஞ்சுவதற்குக் கணினியுலகில் நல்ல காரணங்கள் இருந்தன. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டர் முதலில் நெகிழ்வட்டையே தேடும். அதிலும் ஒரு வேடிக்கை: வட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளாது, தன் சில்லிலேயே உள்ள பேசிக் மொழியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நிரல்களைச் சேமிக்க அதன் பின்புறம் கேசட் ரிக்கார்டரை இணைக்கும் துளைகூட இருந்தது. நம் தாயார் பேசிய அதே வகை நாடாவில் அக்காலக் கணினியும் பேசிற்று. 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் என்னும் வைரஸ், ஐ.பி.எம். வகைக் கணினிகளுக்கு ஏற்பட்ட முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. அது குடியேறிய இடம் நெகிழ்வட்டின் அந்த முதல் 512 பைட்டுகளே. தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள். தம் மருத்துவ மென்பொருளைக் களவாகப் படியெடுப்பவர்களைக் கண்டுகொள்ளவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நோக்கம் எதுவாயினும் அது கடல் கடந்து பரவிற்று. நெகிழ்வட்டைக் கணினியில் மறந்து விட்டுவிட்டு மறுநாள் பொத்தானை அழுத்துவதே தொற்றுக்குப் போதும். 1992 மார்ச் 6ஆம் நாள் மைக்கலாஞ்சலோ என்னும் வைரஸ் வட்டுகளை அழிக்கும் என்று உலகமே பதறியது. அதுவும் அவ்வழியில் பரவியதே. அன்று கற்ற அச்சம் பழுதுநீக்குவோரின் கையில் இன்னும் இருக்கிறது.

மற்றொரு காரணம் யூ.எஸ்.பி.யின் வரவு. முன்பு அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை என்று இருந்ததை மாற்றி, எல்லாவற்றிற்கும் ஒரே வாசல் வைக்கும் முறை 1996 ஜனவரியில் வெளியாயிற்று. அதை வகுத்தவர்களில் முதன்மையானவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். குஜராத்தில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வாசல் ஒன்றானதும் வருபவர் யார் என்று விசாரிக்கும் வேலை கணினிக்கு மிகுந்தது. 1998 ஏப்ரல் 20ஆம் நாள் சிகாகோ நகரில் காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98இன் பெருமையை விளக்குவதற்காக ஒரு ஸ்கேனரைச் செருகினார். கணினி நீலத் திரையைக் காட்டி விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது, இன்னும் விற்பனைக்கு விடாததற்கு இதுதான் காரணம் போலும் என்று சொல்லிச் சமாளித்தார் கேட்ஸ். 2019 மே மாதத்தில் விண்டோஸ் 10க்கு வந்த புதுப்பதிப்பும், புற வட்டோ நினைவக அட்டையோ இணைந்திருந்த கணினிகளில் நிறுவுவதற்கு மறுத்தது. வட்டுகளின் எழுத்துப் பெயர்கள் தாறுமாறாக மாறிவிடக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே விளக்கமளித்தது. இருபத்தோராண்டு இடைவெளியில் இரு நிகழ்ச்சிகள். உலகத்துப் பெரிய வீடுகளிலும் விருந்தாளியால் தடுமாற்றம் உண்டு.

எல்லா வீட்டிலும் காரணம் மின்கலமாகவே இராது என்பதால், பேரன் சொன்னவற்றில் வாசகர்களுக்குப் பயன்படக்கூடியதை எழுதிவிடுகிறோம். கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனிப்பதே பாதி வைத்தியம் என்றான். பொத்தானை அழுத்தியும் விசிறிகூடச் சுழலவில்லை, அல்லது சுழன்று உடனே அடங்குகிறது என்றால், சந்தேகம் மின்சாரத்தின்மேல் செல்ல வேண்டும். யூ.எஸ்.பி. வாசல் 5 வோல்ட் மின்சாரம் தருகிறது. இரண்டாம் தலைமுறை வாசலுக்கு 500 மில்லியாம்பியர், மூன்றாம் தலைமுறைக்கு 900 என்பது வரம்பு. வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் சிலவேளை இந்த வரம்பைத் தாண்டிக் கேட்கும். வளைந்து நசுங்கிய செருகியில் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலும் கணினி தன்னைக் காக்க எழ மறுக்கும். செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தயாரித்தவரின் முத்திரையோடு நின்றுவிட்டால் பயாஸ் விருந்தாளியை விசாரித்து முடிக்க முடியாமல் திணறுகிறது எனலாம். நினைவக அட்டை செருகும் துளையுள்ள சில அச்சுப்பொறிகள் தம்மை ஒரு வட்டு என்றும் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. அட்டையில்லாத வெறும் வட்டை எதிர்பார்த்துக் கணினி நிற்கும். அச்சுப்பொறியால் வரும் இந்தக் குறைக்குக் காரணம் மையோ காகிதமோ அல்ல என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். கருந்திரையும் கோடும் என்றால் வரிசை. அது நம் கதை. விண்டோஸின் முத்திரை வந்து புள்ளிகள் சுழன்றபடியே நின்றால், பயாஸ் தன் பணியை முடித்துவிட்டது, அந்தச் சாதனத்துக்குரிய டிரைவர் நிரலில் குறை என்று கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, திரையும் விசைப்பலகையும் மட்டும் வைத்து எழுப்பி, பின்பு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது பழைய முறை, சரியான முறை. இரண்டை ஒருசேர மாட்டினால் அறிந்துகொள்ள ஒன்றுமிராது. விசைப்பலகையையே கழற்றிவிட்டால் பல பழைய கணினிகள் விசைப்பலகை இல்லை என்று புகார் சொல்லி, தொடர்வதற்கு எஃப்-1 விசையை அழுத்துமாறு அதே விசைப்பலகையிடம் வேண்டும். இல்லாதவரை அழைத்து விருந்துக்கு வரச் சொல்லும் இந்த மரியாதையைக் கேட்டுத் தமையனார் பல நாட்களுக்குப் பின் சிரித்தார்.

மேசைக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுத்து, பஸ் நிலையத்துக் கைக்கடிகாரக் கடையில் வாங்கிய புதியதைப் பேரன் பொருத்தினான். தொடக்கத்தில் டெலிட் விசையைத் தட்டித் தட்டி நீலநிறப் பக்கம் ஒன்றைத் திறந்தான். நாளையும் நேரத்தையும் திருத்தினான். தேடும் வரிசையில் உள் வன்தட்டை முதலாவதாக ஏற்றினான், யூ.எஸ்.பி.யைக் கீழே இறக்கினான். எஃப்-10 அழுத்திச் சேமித்தான். வன்தட்டைப் பின்புறத்தில் மாட்டி எழுப்பியபோது கருந்திரையும் இல்லை, கோடும் இல்லை. மொத்தம் பத்து நிமிடம்.

படியெடுத்த வட்டு இப்போது தருமபுரியில் மகள் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது படி ஒன்று சென்னையிலுள்ள பேத்தியிடம் போய்ச் சேர்ந்தது. கணினியின் பக்கத் தகட்டில் தமையனார் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். மின்கலம் மாற்றிய நாள், டெலிட் விசை, முதலில் உள் வட்டு என்று மூன்று வரிகள். நான்காவதாகப் பெரிய எழுத்தில், “கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது.” அஸர் தொழுதுவிட்டு வந்து நாளுக்கு ஒரு கேசட் என்று அவர் கேட்கத் தொடங்கியிருக்கிறார். பாங்கு கேட்டு அம்மா எழுந்து போகும் இடங்களை ஓட்டித் தள்ளிவிடலாம் என்று பேரன் வழி காட்டிக் கொடுத்தான். தமையனார் தள்ளுவதில்லை.